களவு என்று எழுதியது யாரை?

கிளென் ஈடன்
12 மார்ச் 2025

யோகராணிக்கு,

நீ ஆசிரியராக இருந்து நடத்தும் 'தென்கரை'யின் புதிய இதழ் நேற்றுத் தபாலில் வந்தது. என் விமர்சனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதற்கு நன்றி. போன வருடம் ஒரு பாடகரின் பாட்டை நான் 'பிலாக்கணம்' என்று எழுதியதை நீ 'உருக்கமான பாடல்' என்று திருத்தினாய். அந்தப் பாடகர் என்னைக் கோயிலில் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் போல ஆக்கள் பாராட்டினால்தான் அண்ணை எங்களுக்குத் தென்பு" என்றார். நான் அவமானத்தில் நின்றேன். இனி ஓர் எழுத்தைத் தொட்டால் உன் இதழுக்கு எழுதமாட்டேன் என்று அன்று சொன்னேன். சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாய்.

இனி எதிர்ப்பக்கத்துக்கு வருகிறேன்.

பதினான்காம் பக்கத்தில் என் கட்டுரை. யப்பானிய பாப் பாடகி முரகுமோ அயானே மேற்கத்தியச் செவ்விசையிலிருந்து சொல்லில்லாத மெட்டுகளை எடுத்து, அவற்றின் மேல் தன் சொற்களை ஒட்டி வெளியிட்ட நான்கு தனிப்பாடல்கள் பற்றியது. பதினைந்தாம் பக்கத்தில் முழுப்பக்க வண்ணப்படம். பட்டுச்சேலையில் உன் மகள் நிலானி. பக்கத்தில் நான் கண்டிராத ஒரு பையன். 'செல்வரத்தினம் - யோகராணி தம்பதியரின் புதல்வி நிலானிக்கும், பீஜியைப் பூர்வீகமாகக் கொண்ட தேவேந்திரா - ராஜ்குமாரி தம்பதியரின் புதல்வன் பிரனீலுக்கும் நிச்சயதார்த்தம் இனிதே நடந்தேறியது.'

நடந்தேறியது. நான் வேலை செய்யும் பண்டகசாலையின் சாப்பாட்டு அறையில் இருந்து அந்தச் சொல்லைப் படித்தேன். என் கட்டுரையில் அச்சுப்பிழை தேடப் போனவன் நான். மருமகளின் நிச்சயதார்த்தத்தைத் தாய்மாமன் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். அதுவும் சந்தா கட்டியிருந்தபடியால். கட்டாமல் விட்டிருந்தால் பேரப்பிள்ளைக்குக் காது குத்தும்போது அறிந்திருப்பேன்.

மச்சானுக்குச் சொல், அவரிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை. உன்னிடம் எதிர்பார்த்தேன்.

தொலைபேசி எடுக்காதே. நீ இடையில் வெட்டிக் கதைப்பாய். கடிதத்தை இடையில் வெட்ட முடியாது.

கேதீஸ்வரன்


ஒனிஹங்கா
17 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலையால் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வந்தது சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டதற்குக் கோபிக்கிறீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். எதிர்ப்பக்கம் பற்றிக் கேட்டீர்கள். அந்த எதிர்ப்பக்கத்தால் இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கட்டுரைக்குத் தலைப்பு என்ன? 'நான்கு களவுகள்'. கடைசி வரி என்ன? 'களவில் தொடங்கிய உறவை மாலை போட்டு மேடையில் ஏற்றி, கற்பு என்று ஊருக்குக் காட்டுகிறார்கள்.' அதற்கு நேர் எதிரே மாலையோடு என் பிள்ளை நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பங்கஜம் மாமி என்னைப் பிடித்துக்கொண்டார். சென்னையில் தமிழ் டீச்சராக இருந்தவர் என்று உங்களுக்குத் தெரியும். பிரசாதம் வாங்குகிற வரிசையில், முன்னுக்கும் பின்னுக்கும் சனம் நிற்க, "என்னம்மா யோகராணி, உங்க அண்ணா இப்படிப் போட்டு உடைச்சிட்டாரே" என்றார்.

"எதை மாமி?"

"களவு, கற்புன்னு எழுதியிருக்காரே. கல்யாணத்துக்கு முன்னாடி ஒளிச்சுக் காதலிச்சா களவு, கல்யாணம் ஆயிட்டா கற்பு. பிளஸ் டூ பசங்களுக்கு எத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ஜப்பான்காரி பேரைச் சொல்லி நம்ம பொண்ணைத்தானே சொல்றார்? ஆமா, எத்தனை நாளா பழக்கம்?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான் கையில் வாங்கிய சுண்டலோடு வெளியில் வந்து காருக்குள் இருந்தேன்.

இது தமிழ் தெரிந்தவர்கள் செய்த வேலை. தெரியாதவர்கள் செய்ததைக் கேளுங்கள். பிரனீலின் தாய் ராஜ்குமாரிக்கு யாரோ அந்தப் பக்கத்தை மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பூர்வீகத்தில் தமிழர்கள், ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாது. களவு என்றால் திருட்டு என்று மட்டும் விளங்கியிருக்கிறது. என்னை அழைத்து ஆங்கிலத்தில் கேட்டார்: "பெண்ணின் மாமா என் மகனைத் திருடன் என்று எழுதியிருக்கிறாராமே. என்ன திருடினான் என்று மட்டும் சொல்லுங்கள், திருப்பித் தருகிறோம்."

ஓர் எழுத்தையும் தொடாதே என்றீர்கள். தொடவில்லை. தொட்டுவிடுவேனோ என்ற பயத்தில் படிக்காமலே அச்சுக்கு அனுப்பினேன். அடுத்த பக்கத்துக்கு வர வேண்டிய மளிகைக்கடை விளம்பரம் வராததால், நிலானியின் படத்தை நானே அங்கு போட்டேன். அந்தளவுதான் என் பிழை. மிச்சம் முழுக்க உங்களுடையது.

ராணி


கிளென் ஈடன்
21 மார்ச் 2025

யோகராணிக்கு,

பங்கஜம் அம்மாவுக்கு என் வாழ்த்துகள். நான் எழுதுவதைச் சொல் சொல்லாகப் படிக்கிற ஒரே வாசகர் அவர்தான். ஆனால் பிழையாகப் படிக்கிறார்.

நான் எழுதியது பாட்டைப் பற்றி. பாட்டைக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். அதனால் இங்கே சொல்கிறேன். முதல் பாட்டுக்கு எடுத்த மெட்டு, பியானோவுக்கென்று எழுதிய ஓர் இரவிசை. இடது கை ஒரே சீராக நடந்துகொண்டிருக்க, வலது கை யோசித்து யோசித்து ஒரு சொல் சொல்லும், பிறகு நிற்கும். அந்த நிற்பில்தான் அதன் உயிர். முரகுமோ அயானே அந்த இடைவெளிகளை எல்லாம் மூச்சுச் சத்தத்தாலும் கைதட்டலாலும் அடைத்து வைத்திருக்கிறாள். இரண்டாவது, மூன்று எண்ணிக்கையில் சுழல வேண்டிய நடன இசை. அதை நான்காக நீட்டி, கீழே இயந்திர மேளம் போட்டிருக்கிறார்கள். சுழன்று ஆடுகிறவளைத் தோளில் பிடித்துச் சுவரோடு நிறுத்தியது போல இருக்கிறது. நான்காவது பற்றிப் பேசவே விருப்பமில்லை. ஒரு கூட்டு வழிபாட்டிசையை எடுத்து, செருப்பு விளம்பரத்துக்கு ஏற்ற நீளத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவதில் மட்டும் குரல் நன்றாக இருக்கிறது. தனி வயலினுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக எழுதிய ஒரு கொன்சேர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதி அது. வயலின் ஏறத் தயங்குகிற இடத்தில் அவளும் தயங்குகிறாள், தயங்கிவிட்டுத்தான் ஏறுகிறாள். அதையும் எழுதியிருக்கிறேன். அந்த வரியை ஒரு நாயும் படிக்கவில்லை.

இதுதான் நான் சொன்ன களவு. கற்பு என்ற சொல்லை ஏன் போட்டாய் என்று அடுத்துக் கேட்பாய். களவு என்று எழுதினால் தமிழ் படித்த எவனுக்கும் அடுத்தது கை தானாகக் கற்பு என்று எழுதும். அழகாக விழுந்தது, போட்டேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் தமிழ் படித்ததற்கு இந்த நாட்டில் ஒருவனும் ஒரு வேலை தரவில்லை. ஒரு சிலேடைக்காவது அது உதவக்கூடாதா?

நிலானியின் விஷயம் எனக்குத் தெரிந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்கமாட்டேன். தெரியாமல் வைத்தது யார்? வீட்டை இருட்டாக வைத்துவிட்டு, மேசையில் முட்டினவனைத் திட்டுகிறாய்.

நான் ஒருவரைத் திட்ட நினைத்தால் பெயர் சொல்லித் திட்டுவேன். அது உனக்கும் தெரியும், உன் புருஷனுக்கும் தெரியும்.

காரணம் இருக்கிறது என்றாயே, அதைச் சொல்.

கேதீஸ்வரன்


ஒனிஹங்கா
28 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

சொல்கிறேன்.

போன ஆவணியில் கௌசிகனின் புது வீட்டுக் குடிபூரலுக்குப் போனோமே. மூன்று குடும்பம் சேர்ந்திருந்த இடத்தில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "பீஜிக்காரரின்ரை தமிழ் கோயில் வாசலோடை சரி. உள்ளுக்குப் போய்க் கதைச்சால் முருகனே இங்கிலீசிலை கேளுங்கோ எண்டுவார்." எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். உங்களுக்குப் பின்னால் வடைத் தட்டோடு நிலானி நின்றாள். அப்போதே அவளும் பிரனீலும் இரண்டு வருடமாகப் பழகுகிறார்கள். காரில் ஏறியதும் அவள் சொன்னது: "அம்மா, மாமாவுக்கு இப்ப சொல்ல வேண்டாம். ப்ளீஸ்." தமிழில் சொன்னாள். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. அந்த யப்பான் பாடல்களை விமர்சனத்துக்கு அனுப்பியது நான் என்று நினைத்திருக்கிறீர்கள். என் மின்னஞ்சலில் இருந்து வந்தது உண்மை. அனுப்பச் சொன்னது நிலானி. அவளும் பிரனீலும் முதன்முதலாகக் கதைத்ததே அந்தப் பாடகியைப் பற்றித்தானாம். மூன்றாவது பாட்டோடுதான் கலியாண மண்டபத்துக்குள் நடந்து வரப் போகிறாள். "மாமாவுக்கு இந்த மியூசிக் எல்லாம் தெரியும். அவருக்குப் பிடிச்சால் அவரிட்டை நானே போய்ச் சொல்லுவன்" என்றாள். நீங்கள் எழுதி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள். நீங்கள் அவசரமில்லாமல் ஆறுதலாகத்தான் எழுதினீர்கள். அதற்கிடையில் மாப்பிள்ளை வீட்டார் நாள் பார்த்துவிட்டார்கள். நிச்சயதார்த்தத்தை வீட்டுக்குள் சின்னதாக முடித்தோம். இதழ் எங்கள் கைக்கு வந்ததும், உங்களுக்குத் தபாலில் சேரும் முன்பே உங்களிடம் வருவதென்று இருந்தோம்.

இதழ் வந்தது. அன்று பிரனீலும் இங்கு சாப்பாட்டுக்கு வந்திருந்தான். நிலானிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். "அம்மா, மாமா எழுதினதை வாசியுங்கோ" என்றாள். நான் மேசையில் வைத்து வாசித்து வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன். நானும் அப்போதுதான் முதன்முறை படிக்கிறேன். மூன்றாவது பாட்டில் குரல் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதையும் படித்தேன், அண்ணா. நாய் படிக்காத அந்த வரிக்கு அவள் பிரனீலின் கையைப் பிடித்தாள். பிறகு கடைசிப் பந்திக்கு வந்தேன். வாய் நின்றுவிட்டது.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"முடிஞ்சுது பிள்ளை."

"இல்லை, இன்னும் ரெண்டு வரி இருக்கு. எனக்குக் கண் தெரியும்."

அவளே எட்டிப் பார்த்து, விரலை வைத்து, க-ள-வு என்று எழுத்துக்கூட்டினாள். பிரனீல் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பி, தன் பிளேட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். கோபத்தில் இருக்கிறவன் பிளேட் கழுவுவதை நான் அன்றுதான் கண்டேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். கலியாணம் மே 24, சனிக்கிழமை. அடுத்த இதழ் அதற்கு முன்பே வரும். அதில் நீங்கள் ஒரு விளக்கம் எழுத வேண்டும். அந்தச் சொல் பாடகியைப் பற்றியது மட்டுமே, யாராவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று. ஆங்கிலத்திலும் போடுவேன், ராஜ்குமாரி படிக்க வேண்டும். எழுதாவிட்டால் நீங்கள் கலியாணத்துக்கு வர வேண்டாம். பெண்ணின் தலையில் பாலும் அறுகம்புல்லுமாகப் பாலறுகு வைக்க மாமன் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மெல்பேர்னில் இருந்து எங்கள் ஒன்றுவிட்ட தம்பி யசீகரன் வருகிறான். அவனும் மாமன் முறைதான்.

இதை ஒரு நாள் வைத்திருந்து, மறுபடி படித்துத்தான் அனுப்புகிறேன். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ராணி


கிளென் ஈடன்
7 ஏப்ரல் 2025

யோகராணிக்கு,

யசீகரன். ஹார்மோனியத்தைத் திறந்து உள்ளே பற்றரி எங்கே என்று கேட்டவன். அவன் என் மருமகளின் தலையில் அறுகம்புல் வைப்பான். நல்லது. அவனுக்குப் பாலையும் அறுகையும் வெவ்வேறாகக் காட்டிக் கொடு.

உன் கடிதத்துக்கு அன்றே ஒரு பதில் எழுதினேன். இப்போது அனுப்புவது அதை அல்ல. அதை நீ படித்திருந்தால் இந்த ஆயுளுக்குப் பிறகும் என்னோடு பேசமாட்டாய். இடையில் ஒன்று நடந்தது.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் நிலானி. பின்னால் அந்தப் பையன், கையில் ஒரு பெட்டி மாம்பழம். நீ அனுப்பினாயா என்று கேட்டேன். "அம்மாவுக்குத் தெரிஞ்சால் கொல்லுவா" என்றாள். ஆகவே இது உனக்குச் செய்தியாக இருக்கும்.

உள்ளே வரச் சொன்னேன். தேநீர் போட்டேன். போட்டுக்கொண்டே கத்தினேன். எனக்குச் சொல்லாததற்குக் கத்தினேன், பாட்டைத் தந்து என்னைச் சோதித்ததற்குக் கத்தினேன், பத்திரிகையில் படிக்க வைத்ததற்குக் கத்தினேன். நிலானி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவன் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தான். களைத்துப் போய் நான் கதிரையில் இருந்ததும் அவன் ஆங்கிலத்தில் கேட்டான்:

"அங்கிள், நான் கோயில் பஜனைக்குக் கீபோர்ட் வாசிக்கிறவன், படிச்சு வாசிக்கிறவனில்லை. ஒண்டு கேக்கலாமா? அந்த மெட்டுகளுக்கு முதலிலை சொல்லே இல்லை. இல்லாத இடத்திலை அவ தன்ரை சொல்லை வைச்சிருக்கிறா. பழைய இசை அப்படியே இருக்கு, யாரும் போய்க் கேக்கலாம். அப்ப அவ எதைத் திருடினவ?"

(அவன் பேசியது ஆங்கிலம். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். அவனுக்குத் தமிழ் இருந்திருந்தால் இப்படித்தான் கேட்டிருப்பான்.)

"பேசாமல் இருக்கிற உரிமையைத் திருடினவள்" என்றேன். "அந்த இசை ஒண்டும் சொல்லாமல் இருந்தது. கேக்கிற ஒவ்வொருத்தனும் தன்ரை துக்கத்தை அதுக்குள்ளை வைக்கலாம். இவள் வந்து, இது என்ரை காதலனைப் பற்றின துக்கம் எண்டு பலகை மாட்டிப்போட்டாள். இனி அந்த வயலினைக் கேட்டால் எனக்கு அவளின்ரை காதலன்தான் வருவான். என்ரை துக்கத்தை நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

அவன் சிரித்தான். "தட்ஸ் குட், அங்கிள்" என்றான். நிலானி தலையை நிமிர்த்தி, "இதை ஏன் மாமா எழுதேல்லை? கட்டுரையிலை இது இல்லையே" என்றாள்.

இல்லை. கட்டுரையில் அது இல்லை. எழுதி முடித்த எனக்குத் தோன்றாதது, கத்தி முடித்த பிறகு தோன்றியிருக்கிறது. அதற்காக அவன்மேல் இன்னும் கோபம் வந்தது.

போகும்போது அவன் வாசலில் நின்று தமிழில் ஒரு வசனம் சொன்னான். மனப்பாடம் செய்து வந்திருக்கிறான். "மாமா, கலியாணத்துக்கு வாங்கோ. நீங்கள் வராட்டி எனக்கு மரியாதை இல்லை." 'எங்களுக்கு' என்று சொல்லிக் கொடுத்தாளாம் நிலானி, அவன் 'எனக்கு' என்று மாற்றிவிட்டான். அவள் திருத்தப் பார்த்தாள். விடு, அது சரிதான் என்றேன்.

உன் விளக்கத்துக்கு வருகிறேன். வருந்துகிறேன் என்று எழுதமாட்டேன். எழுதுவது கீழே உள்ளது. ஓர் எழுத்தையும் தொடாதே. ஆனால் இந்த முறை படி.

'சென்ற இதழில் நான் களவு என்று எழுதியது முரகுமோ அயானேயின் பாடல்களை. என் மருமகள் நிலானியையும் அவள் மணக்க இருக்கும் பிரனீலையும் பற்றி எழுதுவதானால் பெயர் சொல்லியே எழுதுவேன். இப்போது எழுதுகிறேன்: பிரனீல் எதையும் திருடியவன் அல்ல. அகத்திணை தெரிந்தவர்கள் என் வரிக்கு வேறு பொருள் கண்டு கோயில் வரிசையில் சிரித்ததாக அறிகிறேன். அவர்கள் அந்தப் பாடத்தை இன்னொரு முறை படிக்கட்டும். பழைய நூல்களில் களவு இகழ்ச்சி அல்ல. ஒருவரை ஒருவர் தாமே கண்டு விரும்பியவர்களுக்கு அங்கே உள்ள பெயர் அது. இந்த இருவருக்கும் அது பொருந்தும் என்றால் பொருந்தட்டும். மே 24 அன்று மாமன் என்ற முறையில் பாலறுகு வைப்பவன் நான். - கேதீஸ்வரன், கிளென் ஈடன்.'

கலியாணத்துக்கு வருகிறேன். அவளுக்காகவும் அந்தப் பையனுக்காகவும். உனக்காகவோ மச்சானுக்காகவோ அல்ல. மாதக்கணக்காக என்னை மடையனாக்கி வைத்திருந்தீர்கள், அதை நான் மறக்கப் போவதில்லை. பாலறுகு வைப்பேன், தாலி கட்டும் வரை நிற்பேன், அட்சதை போடுவேன். உன் வீட்டுச் சாப்பாட்டில் கை வைக்காமல் திரும்பிப் போவேன்.

கேதீஸ்வரன்


ஒனிஹங்கா
14 ஏப்ரல் 2025

அண்ணாவுக்கு,

விளக்கத்தை அப்படியே போடுகிறேன். கோயில் வரிசையில் சிரித்தவர்கள் என்ற இடத்தைப் பங்கஜம் மாமி படித்துவிட்டு எனக்கு அழைப்பார் என்று தெரியும். அழைக்கட்டும். ஆங்கிலத்தில் நானே மாற்றினேன். 'களவு' என்ற சொல்லுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தேன், சரிவரவில்லை. கடைசியில் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டேன்.

பிள்ளைகள் உங்களிடம் வந்ததை நிலானி இன்றுதான் சொன்னாள். வருடப்பிறப்பு நாளில் அவளைத் திட்டக் கூடாது என்று விட்டுவிட்டேன். நாளைக்குத் திட்டுவேன்.

இனி சாப்பாடு. அண்ணா, இதில் நான் விட்டுக் கொடுக்கமாட்டேன். பாலறுகு வைத்த மாமன் கை நனைக்காமல் போனான் என்றால், அதை விளக்க எந்த இதழிலும் இடம் போதாது. பீஜிக்காரர் பக்கத்தில் இருநூறு பேர் வருகிறார்கள். நீங்கள் மண்டபத்தைவிட்டு வெளியேறுவதை முதலில் பார்ப்பது ராஜ்குமாரியாகத்தான் இருக்கும். என் மகனின் கலியாணச் சோறு இவருக்கு ஆகாதாம் என்று நினைப்பார். அது என்மேல் உள்ள கோபம் என்று அவருக்கு யார் மொழிபெயர்ப்பது?

சாப்பிடாமல் போகிற ஆளுக்குப் பாலறுகு வைக்க இடமில்லை. யசீகரனுக்கு இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் டிக்கெட் போட்டுவிட்டான், சும்மாதான் வருகிறான். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். என்னோடு கோபமாகவே இருங்கள், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபமாக இருங்கள்.

உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று இவர் அப்போதே சொன்னார். கேட்காதது நான். இதை இவர் எழுதச் சொன்னதாக நினைக்க வேண்டாம்.

ராணி


கிளென் ஈடன்
19 ஏப்ரல் 2025

ராணிக்கு,

மே 24 சனிக்கிழமைக்கு லீவு கேட்டேன். மேலாளன் காரணம் கேட்டான். மருமகளின் கலியாணம் என்று சொல்லும்போது, எனக்கே அது முதல்முறையாகச் சொல்லப்படுவதுபோல இருந்தது. உன்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு சொட்டும் குறையவில்லை.

சாப்பிடுகிறேன். ஆனால் உன் மேசையிலோ மச்சானின் சொந்தக்காரர் மேசையிலோ அல்ல. மாப்பிள்ளை வீட்டார் மேசையில் என்னை இருத்து. ராஜ்குமாரி அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரை. விளக்கத்தை அச்சில் படித்தால் போதாது. இதழில் எழுதமாட்டேன் என்ற ஒன்றை அவரிடம் நேரே சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன சொல்லப் போகிறேன் என்று இப்போதே பயப்படாதே. ஆங்கிலத்தில்தான் சொல்வேன். அந்த மொழியில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வைக்க எனக்குத் தெரியாது.

கேதீஸ்வரன்